மலையின் வேர்

கல்லென்றால் மாறாதது என்பது நம்மவர் எண்ணம். ஒருவரைக் கல் நெஞ்சர் என்று பழிக்கும்போது, எந்தச் சூட்டுக்கும் இளகாதவர் என்றே பொருள் கொள்கிறோம். பூகர்ப்ப சாஸ்திரிகள் இதை ஒப்புவதில்லை. கல்லும் மாறும், அதுவும் உருகாமலே மாறும் என்கிறார்கள்.

இதற்குக் கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளில் ஓர் உவமை கிடைக்கிறது. உலையில் செக்கச் செவேலென்று பழுத்த இரும்புக் கட்டி, உருளைகளின் நடுவே அகப்பட்டு நீண்ட கம்பியாக வெளிவருகிறது. அது உருகவில்லை, ஆயினும் வடிவமும் உள்ளமைப்பும் மாறிவிட்டன. ஆலையில் சில நிமிஷங்களில் நடப்பது, மலைகளுக்கடியில் பல லட்சம் வருஷங்களில் நடக்கிறது. நிலப்பகுதிகள் இரண்டு மோதி மலைத்தொடர் எழும்போது, மேலே சிகரம் உயர்வது போலவே கீழே வேரும் ஆழ்கிறது. அங்கே அகப்பட்ட பாறை வெந்து, நசுங்கி, தன்னுள் கட்டுண்டிருந்த நீரை இழந்து, புதிய கனிமங்கள் விளைந்து வேறு பாறையாகிறது. இமயத்தின் அடியில் இன்றும் இது நடந்துகொண்டிருக்கிறது.

இமயம் வரை போவானேன்? கும்மிடிப்பூண்டியிலிருந்து தெற்கே வந்தால், சென்னையின் ஓரத்தில் பரங்கிமலையும் பல்லாவரமும் இருக்கின்றன. நீலம் கலந்த கருமையுடைய அவற்றின் கல், சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பக்குவமடைந்தது. மேலே இருந்த மலையை மழையும் காற்றும் ஆறுகளும் அரித்துக் கொண்டு போய்விட்டன. வேர் மாத்திரம் மிஞ்சி வெளியே தலை காட்டுகிறது.

1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற அறிஞர் இதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கம்பெனி வர்த்தகரின் சமாதியில் இவ்வினக் கல் பதிக்கப்பட்டிருந்ததே காரணம். நம் ஊர்ப் பெயர் கல்லுக்கு வாய்க்கவில்லை. அந்நியர் ஒருவரின் கல்லறைப் பெயர் உலகப் புஸ்தகங்களில் நிலைத்துவிட்டது. போகட்டும்.

வருந்த வேண்டியது வேறு. பரங்கிமலைப் பாறையை இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறை தேசியச் சின்னமாகக் குறித்திருக்கிறது. பல்லாவரம் பக்கத்திலோ, ஜல்லிக்காகக் குன்றுகளை வெட்டிய பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கிறது. வீடும் ரஸ்தாவும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெட்டிய நெல் மறு போகம் விளையும். வெட்டிய குன்று விளையாது. மிஞ்சியவற்றில் சிலவற்றையேனும் முழுதாக விட்டுவைப்போம். அவற்றின் வரலாற்றையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போம்.