பழைய கணினிக்குப் புதிய மூளை: விரயம் தவிர்ப்பதும் அமானிதமே



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்து வீடுகளில் இரண்டு பொருள்கள் முதலில் வாடத் தொடங்கும். ஒன்று, அலமாரியில் அடுக்கிய பழைய கிதாபுகள், மற்றொன்று, மின்கருவிகள். ஈரக்காற்றில் தாள் பூஞ்சை பிடிக்கும். கருவிகளுக்குள் தூசி பசையாகப் படியும். இவ்விரண்டையும் காக்க எங்கள் மத்ரஸாவில் மேற்கொண்ட ஒரு சிறு முயற்சியைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம் பாட்டிமார்கள் மார்க்கம் கற்றது அரபுத்தமிழ் நூல்கள் வழியாகத்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘மகானீ’ போன்ற நூல்களைப் பெண்கள் வீட்டிலிருந்தே ஓதினார்கள். அரபு எழுத்தில் தமிழைப் படிக்கும் அந்தத் தலைமுறை இப்போது அருகிவருகிறது. வீடுகளில் எஞ்சிய பிரதிகளை வாங்கி, ஸ்கேன் செய்து, மூல நூலை உரியவரிடமே திருப்பித் தருவது என்று முடிவெடுத்தோம். இரவல் பெற்ற நூல் ஓர் அமானிதம். அடுத்த சாரலுக்குள் பணி முடியாவிட்டால் சில நூல்கள் பொடியாகிவிடும் என்பதும் கண்கூடு.

இதற்கென இருந்தது 2012இல் வாங்கிய ஒரு மேசைக்கணினி. பென்டியம் ஜி620 பிராசஸர், 4 ஜிபி நினைவகம். ஒரு நூலைப் பிடிஎஃப் ஆக்க அஸருக்குப் பின் அமர்ந்தால் மஃரிப் பாங்கு சொல்லும்போதும் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். “ஹஸ்ரத், புதியதே வாங்கிவிடலாமே” என்றார் நிர்வாகக் குழுவின் இளைஞர் ஒருவர். அவர் கூறியதில் தவறில்லை. லில்லாஹ் நிதியில் பணமும் இருந்தது. ஆனால் அந்த நிதியில் பீடி சுற்றும் தாய்மார்கள் வாரக்கூலியிலிருந்து பிரித்துத் தந்த பத்தும் இருபதும் கலந்திருந்தன. செல்வத்தை வீணடிப்பதை அல்லாஹ் வெறுக்கிறான் என்ற கருத்து புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. எனவே, முதலில் நோயை அறிவோம், பிறகு மருந்தை முடிவு செய்வோம் என்றேன்.

கணினி மெதுவாக இயங்க மூன்று காரணங்கள் இருக்கலாம்: சேமிப்பகம், நினைவகம், பிராசஸர். எது தடையென்று பார்க்காமல் பொருள் வாங்குவதே விரயத்தின் தொடக்கம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து வழக்கமான வேலையைச் செய்தாலே உண்மை தெரிந்துவிடும். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால், சுருக்குமுன் அது ஏறத்தாழ 26 எம்பி. இருநூறு பக்கமென்றால் 5 ஜிபியைத் தாண்டும். 4 ஜிபி நினைவகம் என்ன செய்யும்? பக்கங்களை நேராக்கி, கறை நீக்கிச் சுருக்கும்போது பிராசஸரும் நூறு விழுக்காட்டில் திணறியது. ஆக, எங்கள் பணிக்கு மூன்றுமே தேவைப்பட்டன. கடிதம் தட்டச்சு செய்வதும் பயான் கேட்பதும் மட்டுமே உங்கள் வேலையென்றால், பிராசஸரைத் தொட வேண்டாம். ஒரு எஸ்எஸ்டி மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

எந்தப் பிராசஸர் பொருந்தும் என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கும். எங்களுடையது எச்61 சிப்செட், எல்ஜிஏ 1155 சாக்கெட். இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்களே அதில் அமரும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலுள்ள பொருந்தும் பட்டியலைப் பார்த்து, மூன்றாம் தலைமுறை ஐ5-3470ஐத் தேர்ந்தோம். இரண்டு கோர்களுக்குப் பதில் நான்கு. மின்தேவை 65 வாட்டிலிருந்து 77 வாட். எனவே அதற்கேற்ற விசிறியும் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய பிராசஸர், விசிறி, 8 ஜிபி நினைவகம், புதிய எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. தொடக்ககால எச்61 போர்டுகளுக்கு மூன்றாம் தலைமுறைப் பிராசஸரை அடையாளம் காணத் தெரியாது. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் போர்டே செயலிழக்கக்கூடும். ஆனி ஆடிக் காற்றில் நம் ஊரில் மின்தடை எப்படியென்று சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

பொருத்தும் நாளில் மூத்த மாணவர்களையும் உடன் அமர்த்தினேன். மின்இணைப்பைக் கழற்றி, உடலின் நிலைமின்னேற்றம் நீங்க உலோகப் பெட்டியைத் தொட்டுக்கொண்டோம். இவ்வகைச் சாக்கெட்டில் ஊசிகள் பிராசஸரில் அல்ல, போர்டில் இருக்கின்றன. தலைமுடி போன்ற அவை வளைந்தால் போர்டு வீண். ஓரத்துப் பள்ளங்களைப் பொருத்தி, அழுத்தாமல் வைத்து, நெம்புகோலை மூட வேண்டும். உலர்ந்த வெப்பப்பசையை ஐசோபிரப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபோது ஒரு மாணவர், “இது கூடுமா ஹஸ்ரத்?” என்று கேட்டார். இது போதைக்காகப் பருகும் மது அன்று. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கவும் பயன்படுவது என்று விளக்கினேன். அப்பேணுதல் எனக்கு மகிழ்ச்சியளித்தது. பின்னர் பட்டாணியளவு புதிய பசை வைத்து விசிறியைப் பூட்டினோம்.

அல்ஹம்துலில்லாஹ், முன்பு மாலை முழுவதையும் விழுங்கிய நூல் இப்போது அரைமணி நேரத்தில் முடிகிறது.

ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் இந்தச் சாக்கெட்டில் அமரவும் மாட்டா. ஆகவே நாங்கள் லினக்ஸ் மின்ட் நிறுவினோம். இலவசம், தமிழ்99 விசைப்பலகையும் அரபு விசைப்பலகையும் அதில் உண்டு. குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் இன்றியமையாதவர்கள் பழைய கணினியில் மேலும் பணமிடுவது சிக்கனமாகாது. அவர்களுக்குப் புதியது வாங்குவதே முறை.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்கிறது ஐ.நா.வின் மின்கழிவு அறிக்கை. கழற்றிய ஜி620ஐ நாங்கள் எறியவில்லை. பழுதான பிராசஸருடன் கிடந்த ஒரு மாணவரின் வீட்டுக் கணினியில் அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். ஒரு முத்து அளவு நீரில் அவர்கள் உளூச் செய்ததும் ஸஹீஹான செய்தி. அருவி கொட்டும் ஊரில் வாழும் நமக்கு அதில் பாடம் இல்லையா? நிறைய இருக்கும்போதும் அளவோடு எடுப்பதே பேணுதல். அடுத்த முறை வீட்டிலோ ஜமாஅத்திலோ “பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்” என்ற பேச்சு எழுந்தால், “எது பழசானது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பல நேரங்களில் விடை, முழுக் கணினியாக இருக்காது.

உங்கள் வீட்டுப் பரணில் அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தால், சாரலுக்குமுன் ஒருமுறை வெயிலில்லாத காற்றில் விரித்து வையுங்கள்; இயன்றால் படமெடுத்து வையுங்கள். நமக்கு வழங்கப்பட்ட பொருளையும் அறிவையும் வீணாக்காமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.