பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை: சைக்கிளில் ஆறு நாள்



"சேர், எப்ப எழுதப் போறீங்க?" என்று இன்பொக்ஸில் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்களுக்காக இது. கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இது தொடங்கினது தரம் 9 வகுப்பில். இலங்கையின் நீளம் பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை சுமார் 430 கிலோமீட்டர் என்று கரும்பலகையில் எழுதினேன். நான் புவியியல் படிப்பித்த எல்லா வருசமும் எழுதின வரி. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டான்: "சேர் அந்த ரெண்டு இடத்துக்கும் போயிருக்கீங்களா?"

போனதில்லை. முப்பத்தைந்து வயது தாண்டியும் இந்தச் சின்ன நாட்டின் இரண்டு முனையையும் நான் மெப்பில் மட்டும்தான் பார்த்திருந்தேன். "இன்ஷா அல்லாஹ் போவேன்" என்றேன். "எதுல சேர்?" என்றான். வாய் சும்மா இருக்கவில்லை. "சைக்கிள்ல" என்று சொல்லிவிட்டேன்.

சைக்கிள் என்னிடம் வந்தது 2022இல். பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு பாவித்த ஜப்பான் சைக்கிளை வாங்கினேன். பாடசாலைக்கு 11 கிலோமீட்டர். முதல் கிழமை முழங்கால் கழன்று விழும் போல இருந்தது. கியூஆர் கோட் வந்து, வரிசை குறைந்து, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் கிடைத்த பிறகும் நான் சைக்கிளை விடவில்லை. காரணம், அதே வருசம் கிளினிக்கில் என் சீனி வெறும் வயிற்றில் 168 என்று வந்தது. ஆறு மாதம் சைக்கிள் ஓடின பிறகு 117. அல்ஹம்துலில்லாஹ்.

வகுப்பில் வாய் விட்ட பிறகு நான்கு மாதம் பயிற்சி. ஒவ்வொரு சனிக்கிழமையும் சுபஹ் தொழுதுவிட்டுப் புத்தளத்தில் இருந்து கற்பிட்டிக்குப் போய்த் திரும்புவோம். நான், எங்கள் மெத்ஸ் சேர், என் மச்சினன். மச்சினன் கராஜில் வேலை. அவன் வந்தது எங்கள் மேல் உள்ள பாசத்தில் இல்லை. "ரெண்டு வாத்திமாரும் செயின் கழன்டாலே அழுவீங்க" என்றுதான் வந்தான்.

திட்டத்தை வீட்டில் சொன்னபோது உம்மா துஆ கேட்டா. மனைவி மாத்திரைகளை எண்ணி வைத்தா. வாப்பா மட்டும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: "தெக்கால எங்க வேண்டுமென்டாலும் போங்க மகன். அந்த ரோட்டால மட்டும் வரத் தேவல்ல."

எந்த ரோட்டு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் கேட்பதில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தார். 1990 ஒக்டோபர் 30, துவக்கு வைத்திருந்தவர்கள் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்றரை வயது. வாப்பா சோனகத் தெருவில் தையல்காரர். லொறியில் கொஞ்சத் தூரம், நடையில் கொஞ்சத் தூரம் என்று வவுனியா வந்து, பிறகு புத்தளம். அகதி முகாமில் ஓலைக் கொட்டில். நான் வளர்ந்தது, படித்தது, கல்வியியற் கல்லூரிக்குப் போனது எல்லாம் புத்தளத்துப் பிள்ளையாக. யுத்தம் முடிந்த பிறகு வாப்பா ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போய் வீட்டைப் பார்த்தார். கூரை இல்லை, உள்ளுக்கு மரம் முளைத்திருந்தது. அன்று இரவே திரும்பினார். பிறகு போகவில்லை.

வாப்பாவின் சொல்லை மீறினேனா? மீறினேன். மெப்பில் எத்தனை தரம் பார்த்தாலும் பருத்தித்துறைக்கு வேறு வழி தெரியவில்லை.

ஓகஸ்ட் லீவு தொடங்கின இரவு, தேங்காய் லொறி ஒன்றில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு வடக்குக்குப் போனோம். மறுநாள் விடிய, பருத்தித்துறைக் கடற்கரையில் சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம்.

முதல் பாடம் முதல் ஒரு மணித்தியாலத்திலேயே கிடைத்தது. சோளகக் காற்று. நெல்லியடி தாண்டி வல்லை வெளிக்கு வந்ததும் முகத்தில் கை வைத்துத் தள்ளுவது போல அடித்தது. கற்பிட்டி ரோட்டில் மணிக்கு 22 கிலோமீட்டர் போன கால்கள் 13க்கு இறங்கிவிட்டன. எதிரே சைக்கிளில் வந்த ஒரு ஐயா எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக் கேட்டார்.

"எங்க தம்பியவை போறியள்?"

"தெய்வேந்திரமுனைக்கு ஐயா."

"இந்தக் காத்துக்க தெற்க போறியளோ? அங்கால இருந்து வெளிக்கிட்டிருந்தா சோளகமே கொண்டு வந்து விட்டிருக்குமே!"

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பருவக்காற்றைப் படிப்பிக்கிற புவியியல் வாத்தி, வைகாசியில் இருந்து புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்துதான் காற்று வரும் என்பதை மறந்து பயணம் போட்டிருக்கிறேன். மெத்ஸ் சேர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

யாழ்ப்பாணம் டவுனுக்குள் போய், சோனகத் தெருப் பக்கம் திரும்பினோம். திரும்பி வந்து குடியேறின குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளியில் அதான் கேட்கிறது. ஒஸ்மானியாவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். இன்னும் உடைந்தபடி நிற்கிற சுவர்களும் இருக்கின்றன. ஐந்து சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். சைக்கிளைச் சுவரில் சாத்தி வைத்து ஒரு படம் எடுத்தேன். யோசிக்காமல் வாப்பாவின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அன்று பின்னேரம் ஆனையிறவு. இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பு, வெயில். மறைவுக்கு ஒரு மரம் இல்லை. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னாள் மாறி ஓடினோம். முன்னால் போகிறவன் காற்றை வாங்குகிறான், பின்னால் வருகிற இரண்டு பேருக்கும் பாதிப் பாரம் குறைகிறது. இதை யாரும் சொல்லித் தரவில்லை. களைப்புச் சொல்லித் தந்தது. கிளிநொச்சியில் படுத்தபோது 101 கிலோமீட்டர்.

இரண்டாம் நாள்தான் நான் பயந்த நாள். முறிகண்டியில் கச்சான் வாங்கிக் கொறித்தோம். மாங்குளத்தில் ஒரு அம்மா கிணற்றில் அள்ளி அள்ளிப் போத்தல்களை நிரப்பித் தந்தா. "வெயில் ஏறுறதுக்குள்ள வவுனியா போயிருவம்" என்று சாப்பிடாமல் உழக்கினோம். பிழை என்னுடையது. காலையில் மாத்திரை போட்டவன் நான். ஓமந்தைக்குக் கிட்டக் கை நடுங்கத் தொடங்கியது. கண் இருட்டியது. மச்சினன் என்னைப் பிடித்து நிழலில் இருத்தி, பேரீச்சம்பழமும், கடையில் வாங்கின சீனி அள்ளிப் போட்ட தேநீரும் தந்தான். அரை மணித்தியாலம் அப்படியே கிடந்தேன்.

நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனித்து வாசியுங்கள். சைக்கிள் ஓடுங்கள், நல்லது. ஆனால் நீளப் பயணம் என்றால் முதலில் டொக்டரிடம் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பேரீச்சம்பழம் பையில் இல்லை, சட்டைப் பொக்கெட்டில் இருக்க வேண்டும்.

அந்த நிழலில் கிடந்தபோதுதான் யோசித்தேன். இந்த ரோட்டில் நான் முதல் தடவை வந்தபோதும் ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். என்னிடம் இரண்டு போத்தல் தண்ணீர், ஜீவனி, போன், காசு எல்லாம் இருக்கிறது. அவரிடம் என்ன இருந்தது?

பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். காலை ஐந்தரைக்கு ஏறுவது, பதினொன்றுக்கு நிறுத்துவது, லுஹரையும் அஸரையும் பயணத் தொழுகையாகச் சேர்த்துச் சுருக்கித் தொழுவது, மூன்று மணிக்குத் திரும்ப ஏறுவது. பள்ளி இருக்கிற ஊரில் பள்ளி. இல்லாத ஊரில் கடைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். எந்த ஊரிலும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மதவாச்சியில் இருந்து அனுராதபுரம், அங்கிருந்து புத்தளம். நொச்சியாகமத்தில் ஒரு முதலாளி ஆளுக்கு மூன்று வாழைப்பழம் தந்தார். காசை நீட்டினபோது கையைத் தட்டிவிட்டு "சல்லி எப்பா மஹத்தயா" என்றார். "கொஹெத யன்னே?" என்று கேட்டார். சொன்னோம். கடைக்குள் இருந்த மனைவியைக் கூப்பிட்டு எங்களைக் காட்டிச் சிரித்தார்.

புத்தளத்துக்குள் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தோம். சந்தியில் வாப்பா நின்றார். தொப்பி, சாரம், கையில் ஒன்றுமில்லை. எனக்கு வயிறு கலங்கியது. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் இறங்கினேன்.

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பின் டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

"காத்துக் குறைவு" என்றார்.

இரவு சாப்பிட்ட பிறகு அவராகவே தொடங்கினார். அந்தப் படத்தில் சைக்கிள் சாத்தியிருந்த சந்தியில்தான் அவருடைய சைக்கிளைப் பறித்தார்களாம். தைத்த உடுப்பைக் கரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்த சைக்கிள். அன்றைக்கு என்னை முன்பாரில் இருத்தி, உம்மாவின் மூட்டையைப் பின்னால் கட்டி, உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "சைக்கிள விட்டுட்டு நடங்க" என்றார்களாம். "தையல் மெசினுக்குக்கூட நான் அவ்வளவு கவலப்படல்ல. ஒன்ன இருத்திக் கொண்டு போக ஒன்டுமில்லாமப் போச்சு" என்றார்.

முப்பத்தைந்து வருசமாக எனக்குத் தெரியாத கதை. உம்மாவும் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டா.

"ஏன் வாப்பா, ஆனையிறவால வந்தீங்களா?"

"அங்க அப்ப ஆமிக் கேம்ப். சுத்தித்தான் கொண்டு வந்தாங்க."

பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மிச்சத்தையும் முடிச்சிட்டு வாங்க" என்றார். காலையில் நாங்கள் எழும்பும்போது மூன்று சைக்கிளுக்கும் காற்று அடித்திருந்தது.

மிச்சம் மூன்று நாள். சிலாபம் ஊடாக நீர்கொழும்பு, கொழும்பைத் தாண்டிப் பேருவளை, பேருவளையில் இருந்து தெய்வேந்திரமுனை. காட்டு ரோட்டில் யானைக்குப் பயந்தவர்கள் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பயந்தோம். பாணந்துறையில் ஒரு தனியார் பஸ் என் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. இரண்டு டியூப் போனது. பேருவளையில் என்னோடு கல்லூரியில் படித்தவர் வீட்டில் கிடைத்த சோற்றையும் மீனாணத்தையும் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால் பெரலியவில் சுனாமி ரயில் நினைவிடத்தில் ஐந்து நிமிடம் நின்றோம். 2004இல் ஒரே ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போன இடம். அதில் யார் எந்த இனம் என்று கடல் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்கு வெளிச்சவீடு தெரிந்தது. 1890இல் கட்டி முடித்தது, 49 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி, பாவாதமலை ஏறி, இந்த ஊர்ப் பக்கமாகத்தான் திரும்பினார். அவர் தீனவர் என்று எழுதியது இந்த ஊரைத்தான். புத்தளத்துக்காரன் என்ற வகையில் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் அந்த நேரத்தில் வரலாறு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மூன்று பேரும் புல்லில் விழுந்து கிடந்தோம்.

வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். "வந்துட்டோம் வாப்பா."

"அல்ஹம்துலில்லாஹ். சைக்கிளுக்கு ஒன்டுமில்லையே?"

மொத்தம் 604 கிலோமீட்டர். சாதனை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இல்லை. 2011இல் இதே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறைக்கு ஆட்கள் நடந்தே போனார்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டக் காசு சேர்க்க. அதுதான் சாதனை. நாங்கள் ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லப் போனவர்கள்.

பாடசாலை தொடங்கின நாள் அந்தப் பிள்ளை எழும்பி, "சேர், 430 என்டு எழுதினீங்க, எப்படி 604 வந்தது?" என்று கேட்டான். அன்றைய பாடம் முழுக்க அதுதான்: மெப்பில் நேர்கோடு, நிலத்தில் ரோட்டு.

போன கிழமை இரவு, சாப்பிட்டு முடித்த பிறகு வாப்பா கேட்டார், டிசம்பர் லீவில் யாழ்ப்பாணம் போவமா என்று. உம்மா கையில் இருந்த பீங்கானை வைத்துவிட்டுப் பார்த்தா.

"போவம் வாப்பா" என்றேன்.

"பஸ்ஸில" என்றார். "ஒன்ட சைக்கிள்ல இல்ல."

வழியில் தண்ணீர் தந்தவர்கள், நிழல் தந்தவர்கள், தொழ இடம் தந்தவர்கள், வாழைப்பழத்துக்குக் காசு வாங்காதவர் எல்லோருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. டிசம்பர் பயணத்துக்கு எல்லோரும் துஆச் செய்யுங்கள். போக நினைக்கிற இளைஞர்களுக்கு ஒரே ஒரு புத்தி: ஓகஸ்டில் என்றால் தெற்கில் இருந்து தொடங்குங்கள்.