பானை ஓட்டில் பதிந்த சோளம்

சூடானின் கிழக்குக் கோடியில், எரித்திரியா எல்லையை ஒட்டி இருக்கிறது கசலா. ஊரை ஒட்டி மொட்டைப் பாறைக் குன்றுகள், பக்கத்தில் காஷ் ஆறு. மழைக்காலத்தில் சுமார் மூன்று மாதம்தான் ஆற்றில் தண்ணீர் வரும். அதுவும் கடலுக்குப் போகாது. சமவெளியில் பரவி மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்த ஈரத்தை நம்பி விதைக்கும் பயிர் சோளம். அங்கே அதற்குப் பெயர் 'துரா'. புளித்த மாவைச் சூடான கல்லில் மெல்லிசாகத் தேய்த்தால் 'கிஸ்ரா', கெட்டியாகக் கிளறினால் 'அசீதா'. நம் வீட்டுத் தோசையும் களியும் போலத்தான்.

கசலாவுக்குத் தென்மேற்கே, அட்பரா ஆற்றின் மேல் இருக்கும் ஊர் காஷ்ம் எல் கிர்பா. அதன் அருகே கிடைத்த பானை ஓடுகள் கி.மு. 3500-க்கும் 3000-க்கும் இடைப்பட்டவை. பானை வெடிக்காமல் இருக்க, களிமண்ணில் கதிரடித்த உமியைக் கலந்து பிசைந்திருக்கிறார்கள். சூளையில் உமி எரிந்துபோனது. அதன் அச்சு ஓட்டிலேயே தங்கிவிட்டது. அந்த அச்சுகளை வார்ப்பெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த முடிவு 2017-ல் வெளியானது.

காட்டுச் சோளத்தில் மணி முற்றியதும் தானே உதிரும்; காம்பு விட்ட இடம் வழவழப்பாக இருக்கும். பயிர்ச் சோளத்தை அடித்தால்தான் மணி பிரியும்; அந்த இடத்தில் பிய்ந்த தழும்பு தெரியும். ஓடுகளில் இரண்டு வகையும் இருந்தன. அதாவது, காட்டுப்புல் பயிராக மாறிக்கொண்டிருந்த காலம் அது. உதிராமல் நின்ற கதிர்தான் களத்துக்கு வந்தது. அடுத்த பருவத்துக்கு விதையானதும் அதுதான்.

கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் சோளமும், ஆப்பிரிக்காவின் வேறு பகுதிகளில் பயிரான கம்பும் இந்தியாவின் மேற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தன. சிந்து வெளியில் முக்கியப் பயிர்களாக இருந்த கோதுமையும் பார்லியும் குளிர்காலத்தில் விளைபவை. சோளமும் கம்பும் கோடை மழையில் விளைபவை. நீர்ப்பாசனம் இல்லாத மேட்டு நிலத்துக்கு அவை பொருந்திப்போயின. பதிலுக்கு இங்கிருந்து ஆப்பிரிக்கா போனது திமில் மாடு.

2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டது. வாத் மெதானி நகரில் இருந்த தேசிய விதை வங்கி சூறையாடப்பட்டது. ஆனாலும் 2025 பிப்ரவரியில், சோளம் உள்ளிட்ட சூடான் விதைகள் நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இறுங்குச் சோளம், தலைவிரிச்சான் சோளம் போன்ற நாட்டு ரகங்களை வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதே வழிதான். வரப்போரப் பயிரை விட்டுவிட்டு, வயலின் நடுவில் உள்ள நல்ல கதிர்களை விதைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடித்தால் நறுக்கென்று உடையும் அளவுக்கு மணியைக் காயவைக்க வேண்டும். ஒரு பங்கை வீட்டில் வைத்து, இன்னொரு பங்கை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது நல்லது. ஓரிடத்தில் விதை அழிந்தாலும் இன்னோரிடத்தில் ரகம் பிழைத்திருக்கும்.