குச்சியில் தெரியாத எண்ணெய்

டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு கராஜில் வேலை பார்க்கிறேன். ஓனர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் தாராபுரம் பக்கம். மாதாரி வளவில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, கோயமுத்தூர்ப் பட்டறைகளில் பதினாலு வருசம் கிரீஸ் அள்ளிவிட்டு இங்கே வந்தவன். இந்த மாகாணத்து 310 எஸ் லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவது வேலையைப் பற்றிய குறை அல்ல.

நவம்பர் வந்தால் இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் அதை உள்ளே விட்டுப் போர்த்திவிடுவார்கள். ரோட்டுப் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்னும். ஏப்ரலில் நாலு மழை பெய்து ரோட்டைக் கழுவின பிறகுதான் வண்டியை வெளியே எடுப்பார்கள். அஞ்சு மாசம் அசையாமல் கிடந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறது தனி வேலை. சாவியைத் திருகினால் ஆச்சு என்று நினைக்கிறவன் இஞ்சினைக் கெடுப்பான். எங்கள் கராஜில் அந்த வேலை எனக்குத்தான் வரும்.

போன ஏப்ரலில் ஒரு போர்ஷே 911 வந்தது. 1987ஆம் வருசத்து வண்டி. 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், இஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் அதைக் குளிர வைக்க வேண்டும். வீட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வண்டிக்காரர் மூணு வருசமாக எங்களிடம் வருகிறவர். என்னிடம் இங்கிலீசில்தான் பேசுவார். அன்றைக்கு நான் வீட்டுக்காரியிடம் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்துபோனார்.

“ஏனுங்க, நீங்க நம்ம பக்கமாட்ட இருக்குதே, எந்தூருங்க?”

“தாராபுரம் பக்கமுங்க.”

“அட! நமக்குக் காங்கயமுங்க. இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே.”

கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை தூரத்தில் ‘ஏனுங்க’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கும் மனசு இளகத்தான் செய்கிறது. பொய் சொல்லக்கூடாது.

முன்பக்கம் மூடியைத் திறந்து பாட்டரியைப் பார்த்தேன். முழு சார்ஜ் என்றால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 11.6தான் காட்டியது. சார்ஜ் இறங்கின பாட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடிப்பு விடும். இது எப்படியோ தப்பியிருந்தது. ராத்திரி பூராவும் மெதுவாக சார்ஜ் ஏற்ற வேண்டும், நாளைக்கு வாங்க என்றேன்.

“நாலு பேரு புடிச்சுத் தள்ளுனா ஸ்டார்ட் ஆயிராதுங்களா? ஊர்ல அப்படித்தானுங்களே பண்ணுவோம்” என்றார்.

‘பண்ணுவோம்’ என்றார். எங்கள் ஊரில் யார் தள்ளுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பண்ணாடி வீட்டில் ஒரு அம்பாசிடர் இருந்தது. மார்கழிக் காலையில் அது கிளம்பாது. “மாதாரிகளக் கூப்புடு” என்று சத்தம் வரும். எங்கய்யனும் இன்னும் நாலைந்து பேரும் ஓடுவார்கள். தள்ளுவார்கள். வண்டி இருமிக்கொண்டு ஓடிப் போகும். புகையும் புழுதியும் இவர்கள் மூஞ்சியில். ஒருக்கா, எனக்குப் பத்துப் பன்னண்டு வயசிருக்கும், நானும் கூடத் தள்ளினேன். வண்டி நின்றபோது கண்ணாடி இறக்கியிருந்த கதவு வழியாகக் கையை விட்டு சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். மெத்துமெத்தென்று இருந்தது. பண்ணாடி பார்க்கவில்லை. எங்கய்யன் பார்த்துவிட்டார். பளீரென்று ஒன்று விட்டார். “கைய எட்றா.” அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். கோபத்தில் அடிக்கவில்லை, பயத்தில் அடித்தார் என்று புரிய எனக்கு ரொம்ப வருசம் ஆனது.

அந்தக் கதையை அவரிடம் சொல்லவில்லை. வேலையைச் சொன்னேன். “தள்ளக் கூடாதுங்க. அஞ்சு மாசமா எண்ணெயெல்லாம் கீழ வடிஞ்சு கெடக்குது. தள்ளுனா எண்ணெய் மேல ஏர்றதுக்கு முந்தியே பத்திக்கும். இரும்பும் இரும்பும் காஞ்சு உரசும்.” சரிங்க என்று போனார்.

மறுநாள் சனிக்கிழமை. அவர் வருவதற்கு முன்னால் மற்ற வேலைகளை முடித்தேன். ஏர் பில்டரைக் கழற்றிப் பார்த்தேன். குளிருக்கு எலி வந்து கூடு கட்டும். ஒன்றுமில்லை. நவம்பரிலேயே டேங்கை நிறைத்துப் பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்றியிருந்தார். வாடை சரியாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் நிறுத்தியிருந்தார். அதுவும் நல்லது, போட்டிருந்தால் துருவில் ஒட்டிப் பிடித்திருக்கும். டயரில் காற்று முன்னால் 29, பின்னால் 36 பவுண்டு வைத்தேன்.

எண்ணெய் பார்க்கிற குச்சியை எங்கள் கடையில் தொழில் பழகுகிற பையன் உருவிப் பார்த்தான். “அண்ணா, சொட்டு எண்ணெய் இல்ல” என்று கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். நிறுத்தினேன்.

இந்த வண்டியில் எண்ணெய்த் தொட்டி தனியாக இருக்கிறது. பின்பக்கம் வலது மூலையில். நாள்பட நின்றால் தொட்டியிலிருந்து எண்ணெய் மெதுவாக இஞ்சினுக்குள் இறங்கிவிடும். குச்சி காய்ந்திருக்கும். இல்லையென்று நினைத்து மேலே ஊற்றினால் வண்டி ஓடும்போது அளவு மீறி, காற்றுக் குழாயில் ஏறி, ஊரெல்லாம் புகை. இஞ்சின் சூடாகி, சமதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை உருவ வேண்டும். அப்போதுதான் அது உண்மை சொல்லும்.

இதை அவனுக்குச் சொல்லும்போதே எனக்குக் கடையில் நடந்த பேச்சு ஞாபகம் வந்தது. 2023 மார்ச்சில் டொரண்டோ பள்ளி வாரியம் பள்ளிக்கூடங்களில் சாதிக் கொடுமை இருப்பதை ஒத்துக்கொண்டு தீர்மானம் போட்டது. அந்த அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையமும் சாதிப் பாகுபாடு சட்டப்படி தவறு என்று தன் நிலையை அறிவித்தது. அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது ஒருத்தர் சொன்னார்: “இஞ்ச எங்க சாதி இருக்கு? சும்மா கிடந்ததைக் கிண்டி விடுறாங்கள்.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அது என் மனசில் முள்ளாகவே கிடந்தது.

பத்து மணிக்குக் காங்கயத்துக்காரர் வந்தார். முதல் ஓட்டத்துக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னார். ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாமுங்க என்றார்.

இந்த வண்டியில் பெட்ரோலுக்கும் பொறிக்கும் கரண்டு விடுகிற ரிலே ஒன்று டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதை முதலில் பிடுங்கிவிடுவேன். பிறகு சாவியைத் திருகினால் இஞ்சின் சுற்றும், பத்திக்கொள்ளாது. சுற்றச் சுற்ற எண்ணெய் மேலே ஏறும். சீட்டை நகர்த்தி, குனிந்து ரிலேயைக் கழற்றும்போது அவர் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

“தோலு வெடிச்சுப் போயிருந்துச்சுங்களே. பஞ்சாட்டம் ஆயிருக்குது?”

ஓரத்தில் விறைத்திருந்தது. காலையில் நான்தான் வெதுவெதுப்பான தண்ணித் துணியால் துடைத்து, தோலுக்கான கிரீமைக் கையாலேயே தேய்த்து, ஊற விட்டு, மறுபடி தேய்த்திருந்தேன். அது பில்லில் இல்லாத வேலை. காய்ந்த தோலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

“தோல் வேலை இத்தன நல்லாப் பண்றீங்க, யார்கிட்டப் பழகுனீங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ரெண்டு பதில் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு சீட் கவர் கடையில் பழகினேன் என்பது ஒன்று. அதை வேறு ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காங்கயம் சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். நானும் சந்தோசமாக ஓட்டுவேன்.

“எங்கய்யன்கிட்டங்க” என்றேன்.

“அய்யன் என்ன பண்ணீட்டிருந்தாருங்க?”

“கவலைச் சாலுக்கு வாலு தைப்பாருங்க.”

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சாலுக்குத் தோல் வால் தைக்கிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். அவருடைய தாத்தன் கிணற்றுக்கும் யாரோ ஒரு மாதாரி தைத்திருப்பார்.

எங்கய்யனின் வேலையை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு எங்கும் எழுதியிருக்காது. ஐப்பசி கார்த்திகையில் கிணறு ததும்பும். கவலை ஓடாது. சாலைக் கழற்றி அட்டாலியில் போட்டுவிடுவார்கள். தை பிறந்து தண்ணி கீழே போனதும் எங்கய்யனுக்கு ஆள் வரும். தோல் வால் கட்டையாக விறைத்துக் கிடக்கும். உடனே மடக்கினால் வெடிக்கும். ஈரச்சாக்கில் ஒரு ராத்திரி சுற்றி வைப்பார். காலையில் இளவெயிலில் போட்டுப் புங்கெண்ணெயைத் தடவித் தடவி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கால் நீவுகிற மாதிரி நீவுவார். “சித்த பொறு, அதுக்கே இளகும்” என்பார். அப்புறம்தான் ஊசி. அந்த வாலில் ஏறின தண்ணிதான் காடு பூராவும் பாய்ந்தது. கூலி, களத்தில் கடைசியாக அளக்கிற தானியம். அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணியை அவர்கள் குடித்தார்கள். எங்களுக்கு அதே தண்ணியை எட்ட நின்று, தூக்கி ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும்.

அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. “ஓ, அப்படீங்களா” என்றார். சீட்டிலிருந்து கையை எடுத்தார். போனை எடுத்துப் பார்த்தார். “ஒரு போன் பண்ண வேண்டியிருக்குது. நீங்க ஓட்டிப் பார்த்துட்டு வாங்க.” அந்த ‘ங்க’ மட்டும் அப்படியே இருந்தது.

போன் உண்மையாகவே இருந்திருக்கலாம். இந்த ஊரில் இதுதான் கஷ்டம். கன்னத்தில் அறை விழுவதில்லை. அவர் செய்தது இது என்று கையில் பிடித்துக் காட்ட எதுவுமில்லை. ஊரில் எங்கய்யனுக்குத் தெரிந்த அளவுகூட எனக்கு இங்கே தெரியாது. குச்சி காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே உட்கார்ந்தேன். போர்ஷேயில் சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம். பத்து விநாடி சுற்றினேன். விட்டேன். ஸ்டார்ட்டர் மோட்டார் ஆறட்டும் என்று காத்திருந்தேன். மறுபடி பத்து விநாடி. மூணாவது தடவையில் எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் மெதுவாக எழுந்தது. ரிலேயைத் திரும்பச் செருகினேன். திருகினேன். ரெண்டு சுற்று. பத்திக்கொண்டது. பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை கிளம்பிக் கராஜையே மூடியது. பையன் பயந்துபோனான். கீழே இறங்கிக் கிடந்த எண்ணெய்தான் எரிகிறது, ரெண்டு நிமிசத்தில் அடங்கும் என்றேன். அடங்கியது.

தனியாக ஓட்டினேன். எண்ணெய் சூடேறுகிற வரைக்கும் முறுக்கவில்லை. பிரேக்கை நாலைந்து தடவை மெதுவாக மிதித்துத் துருவைத் தேய்த்தேன். நின்று நின்று ஒரு பக்கம் சப்பையான டயர் முதல் சில கிலோமீட்டர் குலுக்கி, சூடானதும் சரியானது. பக்கத்து சீட் காலியாக இருந்தது. நான் தேய்த்த தோல் வெயிலில் மின்னியது. அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதையும் முறுக்கவில்லை.

திரும்பி வந்து சமதளத்தில் நிறுத்தினேன். இஞ்சினை அணைக்காமல் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நின்றது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தியா, இருந்திருக்குது.” பிறகு வண்டியை அணைத்தேன்.

அவர் ஆபீஸ் மேசையில் பணத்தைக் கட்டிவிட்டு நின்றார். மேசையில் சாவி வைக்கிற தட்டு ஒன்று உண்டு. வழக்கமாக அதில்தான் போடுவேன். அன்றைக்குப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் நீட்டியபடியே நின்றேன். “சித்த நேரம் சூடாக விட்டு அப்புறம் வேகமாப் போங்க” என்று வேலையைத்தான் சொன்னேன். வாங்கிக்கொண்டார். அவர் விரல் என் உள்ளங்கையில் பட்டது. குளிர்ந்திருந்தது.

திங்கட்கிழமை தேத்தண்ணி நேரத்தில் அதே ஆள் ஏதோ பேச்சில், இஞ்ச சாதி இல்லை என்றார். கோப்பையைக் கீழே வைத்தேன். எங்கய்யன் என்ன வேலை செய்தார் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஓனர் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். “சொல்லும் தம்பி” என்றார்.