மிஸ்ஸிங்

பெருமாள்மலை. பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் இங்கே சேர்ந்து, ஒரே சாலையாகக் கொடைக்கானலுக்கு ஏறுகின்றன. சேரும் இடத்துக்குச் சற்று மேலே தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் இரண்டு பழைய டயர்கள் தொங்குகின்றன. எதிரே டீக்கடை.

வெள்ளை மாருதி 800 ஒன்று இருமிக்கொண்டே வந்து ஓரங்கட்டுகிறது. கார்பரேட்டர் மாடல். ஓட்டி வந்தவர் தலையில் மொட்டை, மொட்டையில் சந்தனம். பின்சீட்டில் மகன், அவனுக்கும் அதே. மனைவி மடியில் பஞ்சாமிர்த டப்பா.

மெக்கானிக் கிட்டே வருகிறார். ஓட்டி வந்தவர் போனை எடுத்து முதலில் இ-பாஸைக் காட்டுகிறார். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். மெக்கானிக் அதையும் பார்த்து வைக்கிறார்.

“மிஸ்ஸிங் அடிக்குது அண்ணே. போன வாரம்தான் பிளக் மாத்துனேன். ஒயர் மாத்துனேன். காயில்கூடப் புதுசு.”

டேஷ்போர்டிலிருந்து பில்கள் வெளியே வருகின்றன. மூன்று பில்.

“எப்ப சார் அடிக்குது?”

“ஏத்தத்துலதான். சமதளத்துல பட்டு மாதிரி போகும்.”

மெக்கானிக் பில்களை வாங்கவில்லை. பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்துகிறார். ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். ஐடிலில் இன்ஜின் ஒழுங்காகவே ஓடுகிறது. ஓட்டி வந்தவர் முகத்தில் லேசான அவமானம்.

டீக்கடையிலிருந்து ஆட்கள் கிளாஸோடு வருகிறார்கள். லாரி டிரைவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

“ஏர் லாக். பம்ப் மேல ஈரச் சாக்கு போடுங்க.”

மெக்கானிக் பெட்ரோல் பம்பின் மேல் உள்ளங்கையை வைக்கிறார். கை அங்கேயே இருக்கிறது. சூடு ஏறிப் பெட்ரோல் ஆவியாகி நிற்கிற பம்ப் என்றால் கையை வைத்திருக்க முடியாது. பனி வேறு இறங்குகிறது. சாக்கு வரவில்லை.

“மலைக்காத்துண்ணே,” என்கிறார் ஜீப்காரர். “கார்பரேட்டர் வண்டிக்கு இங்க காத்து பத்தாது.”

பொய்யில்லை. ஏழாயிரம் அடியில் இருக்கும் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. கீழே ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். மிச்சம் கரியாகப் படியும். மெக்கானிக் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி எடுக்கிறார். விரலில் வெளுத்த சாம்பல் நிறம். விரலை ஜீப்காரரிடம் காட்டுகிறார். ஜீப்காரர் டீ குடிக்கிறார்.

அடுத்து பிளக் ஒயர். துணி சுற்றிய குறடு. மூன்று சிலிண்டர், மூன்று ஒயர். ஒன்றைக் கழற்றுகிறார், இன்ஜின் தடுமாறுகிறது. மாட்டுகிறார். அடுத்தது, அதே தடுமாற்றம். மூன்றாவதும் அப்படியே. கழற்றியும் சத்தம் மாறாத சிலிண்டர் இருந்தால் அதுதான் சும்மா இருக்கும் சிலிண்டர். இங்கே மூன்றும் வேலை செய்கின்றன. பில் போட்ட சாமான்களில் குறையில்லை. அவற்றை மாற்றியிருக்க அவசியமும் இல்லை.

“கரண்ட் ஓகே,” என்கிறார் மெக்கானிக். “பெட்ரோலைப் பார்ப்போம்.”

பட்டறைப் பையன் காலி குவார்ட்டர் பாட்டிலோடு வருகிறான். கண்ணாடி பாட்டில். கார்பரேட்டருக்குப் போகும் ஓஸைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விடுகிறார்கள். டீ கிளாஸ்களும் பீடிகளும் பத்தடி தள்ளிப் போகின்றன. “அடிங்க சார்.” செல்ஃப் இரைகிறது. பெட்ரோல் ஒரு பீச்சு வருகிறது. இன்னொரு பீச்சு. பிறகு நூல் போல. பிறகு சொட்டு.

ஃபில்டரைக் கழற்றி வெளிவாய்ப் பக்கமிருந்து வாயால் ஊதுகிறார். கன்னம் உப்புகிறது, காற்று போகவில்லை. மறுபடி ஊதுகிறார். மறுமுனையில் துருநிறத்தில் நான்கு சொட்டு விழுகிறது. வாயைத் துடைத்துக்கொண்டு காறித் துப்புகிறார்.

பாட்டில் பெஞ்சின் மேல் நிற்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. முதலில் எல்லாம் ஒரே கலங்கல். டீ மாஸ்டரும் வந்துவிட்டார். கலங்கல் தெளிகிறது. குறுக்கே ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு மேலே பெட்ரோல். கீழே விரற்கடை அளவுக்கு வேறொன்று, அதன் அடியில் துருப் பொடி. பையன் பாட்டிலைச் சாய்க்கிறான். கோடும் சாய்கிறது.

“தண்ணியா?” ஓட்டி வந்தவர் குரல் இறங்குகிறது.

இப்போது பங்க்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதற்குத் தண்ணீரென்றால் உயிர். கொஞ்சம் என்றால் கலந்துகொண்டு கமுக்கமாக இருக்கும். தண்ணீர் கூடினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் உட்காரும். குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும். டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது.

மெக்கானிக் வண்டியின் பக்கவாட்டுக்குப் போகிறார். டேங்க் மூடியைத் திறந்து திருப்பிப் பார்க்கிறார். ரப்பர் வளையம் காய்ந்து, ஓரிடத்தில் விண்டிருக்கிறது.

“வண்டி வெயில்லயும் மழையிலயும் நிக்குதா சார்?”

பதிலை மனைவி சொல்கிறார். “ஐப்பசி மழை பூரா வாசல்லதான் நின்னுச்சு. கவர் வாங்குங்கன்னு சொன்னேன்.”

சைக்கிள் டியூபை வெட்டிப் போடலாம் என்கிறார் லாரி டிரைவர். பெட்ரோல் பட்டால் ஊதிவிடும். பையன் தகர டப்பாவைக் கவிழ்த்து, பெட்ரோலுக்குத் தாங்கும் கறுப்பு வாஷர் ஒன்றைத் தேடி எடுக்கிறான்.

இதற்கிடையில் புது கார் ஒன்று வந்து நிற்கிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி குலுங்குகிறது என்கிறார் டிரைவர். பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுகிறான். பி0300 என்று காட்டுகிறது. அப்படியென்றால் என்ன என்று கேட்கிறார் டிரைவர்.

“வண்டி குலுங்குதாம் சார். மிஸ்ஸிங்.”

மாருதியின் டேங்க்கை வடிக்கிறார்கள். கேன் பாதிக்கு மேல் நிரம்புகிறது. கார்பரேட்டரின் பவுலைக் கழற்றிக் கழுவி, ஜெட்டை ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து மாட்டுகிறார்கள். புது ஃபில்டர். ஜீப்காரரின் கேனிலிருந்து ஐந்து லிட்டர் பெட்ரோல், பங்க் விலையைவிடக் கொஞ்சம் கூட. மெக்கானிக்கே வண்டியை எடுத்து ஏற்றத்தில் இரண்டு வளைவு போய்த் திரும்புகிறார். இருமல் இல்லை.

ஃபில்டருக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் கேட்ட தொகை மூன்று பில்களில் எதிலும் பாதிகூட இல்லை. ஓட்டி வந்தவர் பேரம் பேசவில்லை. கேனைப் பார்க்கிறார்.

“அதை டிக்கியில வைக்கச் சொல்லுங்கண்ணே.”

“அது வண்டிக்கு ஆகாது சார்.”

“காசு குடுத்து ஊத்துனது.”

பையன் கேனைத் தூக்கி வருகிறான். டிக்கியில் விபூதிப் பை, மாற்றுத்துணி, பழனியில் வாங்கிய கொய்யா. பெட்ரோல் வாடை பின்சீட்டுக்கு வருகிறது. மனைவி கதவைத் திறந்து இறங்குகிறார். பஞ்சாமிர்த டப்பாவையும் எடுத்துக்கொண்டே இறங்குகிறார். டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்கிறார்.

மகனும் இறங்குகிறான்.

பையன் கேனைப் பிடித்தபடி யாரிடமும் எதுவும் கேட்காமல் நிற்கிறான். ஓட்டி வந்தவர் மொட்டையைத் தடவுகிறார். சந்தனம் கையோடு வருகிறது.

“சரி, நீங்களே வச்சுக்கங்க.”

பையன் உடனே புது காரின் பக்கம் கேனை வைத்து, ஸ்பேனர்களை அதில் போட ஆரம்பிக்கிறான்.