உப்புத் தண்ணிக் கணக்கு

ஜூலை 14

இன்று தூத்துக்குடி மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்தது. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். அது குடிக்கவும் சமைக்கவும். மாடியில் இருக்கிற மீன் தொட்டிகளுக்கு போர் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கரிக்கும்; வாளி காய்ந்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். தெருவே இந்தத் தண்ணீரைத் திட்டித் தீர்க்கிறது. என் மோலிகள் இதில்தான் கொழுத்துத் திரிகின்றன. மோலியின் பூர்வீகம் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய கழிமுகங்கள். ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் வளர்ந்த சாதி. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் முழுக் கடல் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். கப்பியும் பிளாட்டியும்கூடக் கடினத் தண்ணீருக்கு முகம் சுளிப்பதில்லை.

புதிதாக ஆரம்பிக்கும் பையன்கள் கொளத்தூர் மீன் சந்தை வீடியோக்களைப் பார்த்துவிட்டு டிஸ்கஸ் மீனில்தான் கை வைக்கிறார்கள். அதுவும் நியான் டெட்ராவும் அமேசான் காட்டு ஓடைகளில் இருந்து வந்தவை. உப்பே இல்லாத, லேசாகப் புளித்த தண்ணீர் கேட்கும். இங்கே அதற்கு ஆர்.ஓ. எந்திரம் வைக்க வேண்டும். ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுக்க, அதைவிடக் கூடுதலாகச் சாக்கடையில் விட வேண்டும். தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கிற ஊரில் எனக்கு அதற்கு மனசு வரவில்லை. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும், அப்புறம் மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னால் ஒருவனும் கேட்பதாக இல்லை.

ஜூலை 20

சாயங்காலம் முத்தையாபுரம் தாண்டி உப்பளத்துக்குப் போனேன். அங்கே கணக்கு எழுதும் நண்பர் கூட வந்தார். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. எனக்கு அந்தக் காற்றுதான் வேண்டியிருந்தது.

உப்பளத்தில் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப்போக உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மீன் ஒன்றுகூட இருக்காது. உப்பும் இன்னும் பூத்திருக்காது. தின்ன ஆள் இல்லாத அந்த நடுப்பாத்திகளில் ஆர்டீமியா என்ற பொடி உயிர் பெருகிக் கிடக்கும். காலம் சரியில்லை என்றால் அது குட்டி போடுவதை நிறுத்திவிட்டு ஓடு கட்டிய முட்டையாக இடும். அந்த முட்டைகள் மிதந்து, காற்று தள்ளுகிற மூலையில் பழுப்பு நுரைபோல ஒதுங்கும். கச்சானுக்குக் கிழக்குக் கரையில் பார்க்க வேண்டும். ஒரு சின்ன டப்பா அளவுக்கு வழித்துக்கொண்டோம்.

கடையில் இதே முட்டை மீன் குஞ்சுகளின் தீவனத்துக்காக டின்னில் வருகிறது, பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியிலிருந்து. விலை ஆயிரக்கணக்கில். நம் ஊர் இனத்தில் ஆணே கிடையாது. பெண்ணே தனியாக வம்சம் பெருக்கும். அமெரிக்க இனமும் நம் உப்பளங்களில் குடியேறிவிட்டதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் வழித்தது எந்தச் சாதியோ, என் மோலிக் குட்டிகளுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

ஜூலை 22

இரண்டு லிட்டர் கோலா பாட்டிலின் அடியை வெட்டி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஏர் பம்புக் குழாயை அடிவரை இறக்கி, ஒரு சிட்டிகை முட்டை போட்டிருந்தேன். ஒரு நாள் ஆனதும் காற்றை நிறுத்தி, பாட்டிலின் கழுத்துப் பக்கம் டார்ச் அடித்தேன். காலி ஓடுகள் மேலே போய்ப் பழுப்பாக மிதந்தன. வெளிச்சத்தைத் தேடி ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை கீழே இறங்கியது. உற்றுப் பார்த்தால் புகையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக வெட்டி வெட்டி நீந்துகிறது. ஒன்று அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, மோலிக் குட்டிகளின் தொட்டியில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிபோல இருந்த வயிறெல்லாம் ஆரஞ்சாக உப்பி நின்றன. பொரித்த சூட்டில் கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப்போக அதன் மஞ்சள்கரு அதன் சொந்த வயிற்றுக்கே செலவாகிவிடும். குட்டிகளுக்கு வெறும் தோல்தான் மிஞ்சும்.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா கோயில் திருவிழா. உள்ளூர் விடுமுறை. சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வந்து ஆளுக்கு இரண்டு கப்பி கேட்டன. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போடப் போவதாகச் சொன்னதும் கொடுக்க மனசில்லை. வாய் குறுகிய கிண்ணத்தில் காற்று படுகிற பரப்பு சின்னது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதைப் பிள்ளைகள் விளையாடுகிறது என்பார்கள். பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கூடவே கொடுத்துவிட்டேன். திருவிழாவும் அதுவுமாக யாரிடம் சண்டை போட முடியும்?

ஆகஸ்ட் 11

கடையில் மோலி கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, சைசு நல்லாத்தான் இருக்கு. கறுப்புக்குள்ள சாம்பலு கலந்திருக்குல்லா? கறுப்புன்னா முழுக் கறுப்பா கொண்டாங்க, வெலைய ஏத்தித் தாரேன்.”

அவர் சொல்வது நியாயம்தான். ஒன்றுக்கு 5 ரூபாய்தான் கிடைத்தது, அதிலும் பாதியைத் தீவனமாக எடுத்துக்கொண்டேன். கடையில் ஜோடி 30 ரூபாய்க்குப் போகும். அவருக்கு வாடகை, சாகிற மீன், கரண்டு எல்லாம் இருக்கிறது. எனக்கு அதில் பொறாமை இல்லை. மாடியில் வளர்க்கிறவன் தன் உழைப்புக்குக் கூலி போட்டால் அன்றைக்கே தொட்டியைக் கவிழ்க்க வேண்டியதுதான். மீன் தன் தீவனத்தைத் தானே சம்பாதித்தால் போதும்.

நிறத்தைச் சுத்தமாக்குவதில் கஷ்டமே பெட்டை மீன்தான். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தைப் பல மாதம் உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு குட்டி போடும். நல்ல ஆணைப் பிறகு விட்டாலும் பழைய தகப்பனின் சாயல் வந்துகொண்டே இருக்கும். அதனால் குட்டிகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும்போதே ஆணைப் பிரித்துவிட வேண்டும். அடிவயிற்றுத் துடுப்பு விசிறியாக இருந்தால் பெண். குச்சியாகக் கூர்ந்தால் ஆண். மாலை வெயிலில் ஒவ்வொன்றாகக் கரண்டியில் தூக்கிப் பார்த்துப் பிரிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

திருநெல்வேலிக்கு பஸ்ஸில் அனுப்புவதென்றால் இன்னொரு வேலை. முந்தின நாளே பட்டினி போட வேண்டும். இல்லாவிட்டால் கழிவில் அம்மோனியா ஏறிப் பைக்குள்ளேயே செத்துப்போகும். பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். அடி மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டிவிட வேண்டும், குட்டி மீன் மூலையில் சிக்கி நசுங்காமல் இருக்க.

செப்டம்பர் 3

அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: “நீமோ கெடைக்குமா? நம்ம கடல்லயே இருக்குல்லா, யாரையாவது விட்டுப் பிடிச்சுத் தாங்களேன்.” 2003-ல் வந்த நீமோ படம் இன்னும் வேலை செய்கிறது. கூடவே ‘பவளக் கல்’ இரண்டும் வேண்டுமாம்.

இருப்பது உண்மைதான். மன்னார் வளைகுடாவில் கடல் சாமந்திகளுக்கு நடுவே நீமோவின் இனமான கோமாளி மீன் உண்டு. ஆனால் தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பவளமும் கடல் குதிரையும் 2001-ல் வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலுக்கு வந்தன, அதாவது புலியோடு சேர்த்து. செத்த பவளக் கல்லை எடுத்தாலும் குற்றம்தான்.

நான் அவருக்கு முத்துக் கதையைச் சொன்னேன். இந்தக் கடற்கரையில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். கடலடிப் பார்களில் சிப்பி இல்லாமல் போன பிறகு, இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமியும் கூட இருந்தவர்களும் 1973-ல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சையே தொட்டியில் பிறப்பித்தார்கள். கோமாளி மீனுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. அதே நிலையத்தின் மண்டபம் மையத்தில் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆணே பெண்ணாக மாறும். ஓட்டிலோ கல்லிலோ முட்டை ஒட்டும், தகப்பன் காவல் இருக்கும், ஒரு வாரம் போல ஆனதும் இருட்டில் பொரிக்கும். குஞ்சுக்கு ஆர்டீமியாவே பெரிய கவளம்; ரோட்டிஃபர் என்ற இன்னும் சின்ன உயிரை வளர்த்துக் கொடுக்க வேண்டும். என் மாடியில் நடக்காது. ஆனால் வாங்குகிறவர் தொட்டியில் பிறந்த மீனா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கலாமே? அவர் தலையாட்டினார். வாங்கப் போவது தங்கமீன்தான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 9

இரண்டு பிளாட்டியின் உடம்பில் வெண்புள்ளி. தனியே எடுத்து, கல்லுப்பு கரைத்து, தண்ணீரைக் கொஞ்சம் சூடாக வைத்திருக்கிறேன். மருந்துக்கு அலைய வேண்டாத ஊர்.

மழை வரப்போகிறது. உப்பளங்கள் மூடுகிற நேரம். இனி ஆர்டீமியா மழைத் தண்ணீரில் கரைந்து போகும். எடுத்ததை வெயிலில் காய வைத்து மூடியாயிற்று.

கடைக்காரர் சக்கர் மீன் குஞ்சு கேட்கிறார். பாசி தின்னும் என்று எல்லாரும் வாங்குகிறார்கள். முழ நீளம் வளர்ந்ததும் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலை போட்டால் முள் உடம்போடு அதுதான் மாட்டுகிறது, வலையும் கிழிகிறது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “நீங்க தரலன்னா வேற ஆளு தருவான் அண்ணாச்சி” என்றார். தரட்டும்.

கப்பியும் வெளிநாட்டு மீன்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழையில் இந்த மாவட்டத்தில் எந்தத் தொட்டி, எந்தக் குளம் என்று எல்லை இல்லாமல் போனது. அப்போது யார் வீட்டு மீன் எங்கே போனதோ.

இன்று வழிந்தோடும் குழாய்கள் எல்லாவற்றுக்கும் கொசுவலைத் துணி கட்டினேன். தண்ணீர் மட்டத்தையும் ஒரு சாண் குறைத்தாயிற்று. கரண்டு போனால் ஓட பேட்டரி பம்பு ஒன்று வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 40 முழுக் கறுப்பு மோலி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை தீவனம் போடக் கூடாது.