நெடுந்தீவின் சித்திரைச் செய்திகள்

இளவேனில் என்றதும் குயிலையும் தென்றலையும் நினைப்பது புலவர் வழக்கம். யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே வாழும் மக்களுக்கோ அப்பருவம் வேறு பொருள் தருவது. மாரி ஓய்ந்து, வாடைக் காற்றும் தணிந்து, வைகாசியில் எழும் சோளகம் இன்னும் வந்து சேராத இடைவெளியே அவர்களுடைய இளவேனில். கடல் அப்போது தாம்பாளத்தில் வார்த்த நீர்போற் கிடக்கும். கிணறுகளிலே மாரி தந்த நன்னீர் இன்னும் எஞ்சியிருக்கும். பனையிலே கருப்பணி இறங்கும், நுங்கு திரளும். கலியாணம், வேலியடைப்பு, வீடு மேய்தல் யாவும் இந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளே நிறைவேறவேண்டும். ஊரை ஆளும் சபையின் வேலைகளும் அவ்வாறே. சோளகம் பிடித்தபின் சீமெந்து ஏற்றிய வள்ளம் கரை சேருமா என்பது கடலுக்கே வெளிச்சம்.

இக்காரணம் பற்றியே நெடுந்தீவைக் காண விரும்புவோர் சித்திரையிற் செல்லவேண்டும் என்று நாம் கூறுவதுண்டு. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றவர்களும், கடல் கடந்து சிதம்பரம் தரிசித்தவர்களும் எம்மவருட் பலர். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணத்துக்குத் தயங்கி நிற்பவர்களும் பலர்! பண்ணைப் பாலம் கடந்து, மண்கும்பான், வேலணை வழியாகப் புங்குடுதீவு சென்று, அதன் மேற்கு முனையிலுள்ள துறையை அடைந்தால் சனக்கூட்டம் இரண்டாகப் பிரிவதைக் காணலாம். பூந்தட்டும் அருச்சனைப் பொருளும் ஏந்திய பெருங்கூட்டம் எதிரே தெரியும் நயினாதீவுக்குச் செல்லும். அரிசி மூடை, எரிவாயுக் கொள்கலம், மருந்துப் பொதி, ஒரு சைக்கிள் ஆகியவற்றோடு நிற்கும் சிறுகூட்டம் நெடுந்தீவுக்கு உரியது.

நயினாதீவைப் பற்றிய ஒரு சிறு குறிப்பை இவ்விடத்திற் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. அங்குள்ள நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வரும் கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி என்பது அதன் கருத்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கடலோரத்து மக்களுக்கு விடுத்த அறிவித்தற் பலகை அது என்று கொள்ளலாம். கலமும் குதிரையும் பற்றிய விவகாரம் இக்கடலில் இன்றும் ஓய்ந்தபாடில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த பெரிய தீவுகளுள் ஒன்று நெடுந்தீவு. ஏறத்தாழ ஐம்பது சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. மாடுகளின் பெருக்கத்தைக் கண்ட போர்த்துக்கேயர் பசுத்தீவு என்று பொருள்பட அதனை அழைத்தனர். ஒல்லாந்தரோ ஒவ்வொரு தீவுக்கும் தம் நாட்டு நகரம் ஒன்றின் பெயரைச் சூட்டினர். வேலணைக்கு லெய்டன், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம். அப்பெயர்கள் யாவும் ஏட்டோடு ஒழிந்தன. டெல்ப்ட் என்ற பெயர் மாத்திரம் அரசாங்கக் கடிதங்களில் ஆங்கிலத்திலே இன்றும் வழங்குகின்றது. கிராம அலுவலர் பிரிவுகளுக்கு யாழ் மாவட்டம் இட்ட எண் வரிசையும் இத்தீவிலிருந்தே தொடங்குகின்றது. முதல் ஆறு எண்களும் நெடுந்தீவுக்கே. எண்ணில் முதலிடம், பயணத்திற் கடைசியிடம்.

மாவிலித்துறையில் இறங்கியதும் கண்ணிற் படுவன கல்வேலிகள். சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல், கடற் பவளப்பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் அவை. கிடுகு வேலிக்குப் பழகிய எமது கண்களுக்கு அவை புதுமையானவை. பயணிகள் வழக்கமாகக் காணும் மற்றவற்றை, அதாவது ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, வெடியரசன் கோட்டை, பருத்த பெருக்கு மரம், செய்தி அனுப்புவதற்காகப் புறா வளர்த்ததாகச் சொல்லப்படும் கூடு முதலியவற்றை நாம் விரிக்கப் போவதில்லை. வழிகாட்டிப் புத்தகங்கள் அவற்றைக் கூறும். எம் கருத்து வேறு. இத்தீவிலே ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழ்கின்றனர்; அவர்களுடைய ஊர்க் காரியங்களை நடத்தத் தனியே ஒரு பிரதேச சபை இருக்கின்றது. அதன் செய்தி யாது என்பதே எமது நாட்டம்.

முதற் செய்தி தண்ணீர். ஆறில்லாத சுண்ணக்கற் தரை. மழைநீர் நிலத்துள் இறங்கி உப்புநீரின் மேல் மெல்லிய படலம்போல் மிதந்து நிற்கின்றது. பங்குனியில் இனிக்கும் கிணறு ஆனியில் உவர்க்கும். தென்கரையிலுள்ள சாறாப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பேர்போனவை. பழங்காலத்துக் கற்கட்டுடைய அக்கிணறுகளைக் காண்பவர், கடலுக்கு இத்துணை அருகே இத்தகைய நீரா என்று வியப்பர். ஆயினும் ஒரு மூலையிலுள்ள நீர் தீவு முழுவதற்கும் எப்படிப் போதும்? கோடையில் பவுசர் வண்டி எந்தத் தெருவுக்கு எந்த நாளில் வரும் என்பதே வீட்டுப் பெண்களுக்கு இன்றியமையாத செய்தியாகிவிடுகின்றது. குளத்தைத் தூர்வாருவதும், கேணியையும் துரவையும் துப்புரவு செய்வதும் மழைக்கு முன்னர் முடியவேண்டிய வேலைகள். அவற்றுக்குச் சித்திரையிலே தீர்மானம் எடுக்காத சபை, ஐப்பசியிலே வருந்திப் பயன் இல்லை.

இரண்டாவது செய்தி கப்பல். ஆம், கப்பலேதான்! 2017ஆம் ஆண்டு சனவரியில், உலக வங்கியின் உதவியோடு கட்டிய ‘நெடுந்தாரகை’ என்னும் பயணிகள் கலம் இச்சபைக்குக் கையளிக்கப்பட்டது. மற்றைய பிரதேச சபைகளின் சொத்துப் பட்டியலில் உழவு இயந்திரமும் குப்பை வண்டியும் இருக்கும். இங்கே கப்பல் இருந்தது. கேட்போர் நகைக்கலாம். நாம் நகைக்கவில்லை. நோயாளியை இரவிலே யாழ்ப்பாணம் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்திலும் உள்ள ஊரிலே, தெருவுக்கு முன்னர் கடலே தெரு. ஆனால் வருமானம் குன்றிய சிறு சபையொன்று எரிபொருளுக்கும் மாலுமிக்கும் பழுதுபார்ப்புக்கும் எங்கே போகும்? கலத்தைக் கொடுத்தவர்கள் அதனை ஓட்டும் செலவையும் எண்ணியிருத்தல் வேண்டும். இந்நாட்டிலே நன்கொடைகள் பெரும்பாலும் திறப்புவிழாவோடு நின்றுவிடுகின்றன. மின்சாரத்துக்கும் ஒரு நன்கொடை உண்டு: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு, இந்தியாவின் ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் உதவியோடு 2024 மார்ச் முதலாந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

மூன்றாவது செய்தி விலங்குகள். நெடுந்தீவுக் குதிரைகளை அறியாதார் இலர். ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி நடத்திய குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. 2015ஆம் ஆண்டு 1,846 ஹெக்ரேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனம் பெற்றபோது குதிரைகள் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பாயின. கட்டாக்காலி மாடுகளோ பிரதேச சபையின் பொறுப்பு. தெருக்களுள்ளும் சில சபைக்கு, சில மாகாணத்துக்கு உரியவை. கோடையில் வெளி வறண்டு குதிரைகள் நீரின்றி மடியும் காலத்தில், தொட்டிக்கு நீர் ஊற்றுவது எவர் கடமை என்ற ஆராய்ச்சி எழுகின்றது. தாகமெடுத்த குதிரை சட்டப் புத்தகம் படித்ததன்று. நீருள்ள இடத்தை நாடி ஊர் மனைக்குள் வருகின்றது.

இவற்றையெல்லாம் நாம் 2024ஆம் ஆண்டு சித்திரையிற் சென்றபோது விசாரித்து அறிந்தோம். அவ்வேளை சபைக் கட்டடம் இருந்தது. செயலாளரும் அலுவலர்களும் இருந்தனர். மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இலர். 2018இல் தெரிவானவர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதத்தில் நடக்கவேண்டிய தேர்தல் ஏப்ரிலுக்குத் தள்ளப்பட்டு, பின்னர் பணமில்லை என்ற காரணத்தால் நாடு முழுவதிலும் நின்றுபோயிற்று. ஆகவே இரண்டு இளவேனில்கள் இவ்வாறு கழிந்தன. இப்பகுதி மக்களுக்கு இது புதிதுமன்று. முன்னாளிலே கிராமச் சங்கம் இருந்தது. 1981இல் அது மறைந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபை தோன்றியது. போரின் காரணமாக யாழ் மாவட்டத்தில் 1998 சனவரி வரை அதற்குத் தேர்தல் இல்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஊராட்சித் தேர்தல் என்பதைக் காணாமலே வளர்ந்தனர்.

சனசமூக நிலையமொன்றின் திண்ணையிலே பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு உரையாடினோம். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். கிராமச் சங்கக் காலத்தை நன்கு நினைவில் வைத்திருந்தார்.

"சபைக்கு ஆள் இல்லாததாற் காரியங்கள் நின்றுவிட்டனவோ, ஐயா?" என்று கேட்டோம்.

"நிண்டதெண்டு சொல்லேலாது, மாஸ்ரர். கந்தோர் நடக்குது. பவுசரும் வருகுது. ஆனால் முந்தியெண்டால் எங்கடை வட்டாரத்து ஆளைப் படலைக்கை மறிச்சு வைச்சு ஏசலாம். இப்ப கடிதமெல்லோ எழுதவேணும்!"

சிறிது நேரம் சென்றபின் தாமாகவே மேலும் சொன்னார்: "தண்ணி இருக்கிற மாதத்திலை ஒருத்தரும் வந்து கேக்கிறேல்லை. தண்ணி வத்தினாப்பிறகு படம் பிடிக்க வருவினம்."

படலையில் மறித்து ஏசுதல் என்பது எமக்குப் பெரிதும் பிடித்திருந்தது. குடியியற் பாடத்திலே உள்ளூராட்சியின் பயன்களைப் பல ஆண்டுகள் மாணவர்க்கு எழுதிப் போட்டிருக்கின்றோம். பிரதிநிதித்துவம், பொறுப்புக் கூறுதல், நிதி அதிகாரம் என்றெல்லாம் அடுக்கியதுண்டு. அப்பட்டியலிற் படலை இடம்பெறவில்லை. இப்போது சேர்த்துக்கொண்டோம், மாணவரும் மகிழ்ந்தனர்.

2024 ஆகத்தில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு சித்திரையில் நாம் மீண்டும் சென்றபோது, மே 6ஆம் நாள் நடக்கவிருந்த தேர்தலுக்கு இரண்டு வாரமே இருந்தது. முச்சக்கர வண்டியொன்று ஒலிபெருக்கியோடு புழுதி கிளப்பிச் சென்றது. கல்வேலிகளின் மேல் துண்டுப் பிரசுரங்கள் கல்வைத்து அமர்த்தப்பட்டிருந்தன. எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது எம் விடயமன்று. வேட்பாளர்கள் வீடு வீடாகச் சென்று, கிணற்றடியில் நின்று, நீர் உவர்க்கத் தொடங்கிவிட்டதா என்று கேட்டதைக் கண்டோம். கேட்க ஓர் ஆள் வந்ததே பெரிது என்பது சில வீட்டாரின் முகத்தில் தெரிந்தது. வேறு சிலரோ, "வென்றாப்பிறகும் வருவியோ, தம்பி?" என்று நேரிலேயே கேட்டுவிட்டனர்.

சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும் நாளையொட்டி இத்தீவார் கடலைப் பார்க்கும் பார்வையிலே வேறொன்றும் உண்டு. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட ‘குமுதினி’ப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். இறந்தோர் இருபத்து மூவர் என்றும், முப்பதுக்கு மேல் என்றும் கணக்குகள் வேறுபடும். தப்பிப் பிழைத்தோர் கடற்படையினரைச் சுட்டினர். ஆண்டுதோறும் அந்நாளில் துறையடியிலுள்ள நினைவிடத்திலே விளக்கேற்றுகின்றனர். குமுதினி பின்னரும் பல ஆண்டுகள் அதே துறையிலிருந்து அதே வழியில் ஓடியது. அதில் ஏறாமல் அவர்களுக்கு மருத்துவமனையும் இல்லை, மேற்படிப்பும் இல்லை. படகு பற்றி நெடுந்தீவார் பேசும்போது அவர்களின் குரல் ஏன் கனக்கின்றது என்பதை அறிய இந்நாளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். காலைப் படகைத் தவறவிடாதீர்கள். பயணிகளுக்கான குடிநீரைக் கையிலே கொண்டு செல்லுங்கள். தீவின் கிணற்று நீரை அவர்களுக்கே விட்டுவிடுதல் நன்று. கல்வேலியிலிருந்து ஞாபகார்த்தமாகக் கல் எடுத்துவரும் வழக்கமும் வேண்டாம். வைகாசி நடுப்பகுதிக்கு முன்னரே போய்த் திரும்புங்கள்.

புதிய உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜூன் 2ஆம் நாள் தொடங்கியது. அன்று வைகாசி பத்தொன்பது. சோளகம் எழும் காலம். கிணறுகள் வற்றத் தொடங்கும் காலமும் அதுவே.